நெஞ்செரிச்சலுக்கு ஆப்ப சோடா: பல வருஷம் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு நெஞ்செரிச்சலைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நேரங்கெட்ட நேரத்தில் பரோட்டா சால்னா, நடுவில் ரெண்டு மூணு டீ, வீட்டுக்கு வந்ததும் படுக்கை. படுத்த அரை மணியில் புளித்த ஏப்பம் தொண்டை வரைக்கும் ஏறும். அந்த மாதிரி நேரங்களில் எனக்குப் பல வருஷமாகக் கைகொடுப்பது சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை போடுகிறோமே, அதேதான். அடுப்படியில் இருக்கிற சாமான் என்பதால் பலரும் இதை மருந்தாக நினைப்பதில்லை, கைக்கு வந்த அளவில் கலக்கிக் குடிக்கிறார்கள். என் மனக்குறை அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் இதை அடிக்க ஆள் கிடையாது. குடித்த சில நிமிஷங்களில் எரிச்சல் அடங்கும். வயிற்றிலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகவும் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடும். அந்த வாயுதான் பெரிய ஏப்பமாக வெளியே வருகிறது. ஆனால் வந்த வேகத்திலேயே பலனும் போய்விடும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி தாங்குவதே அதிகம். அதற்காக உடனே அடுத்த டம்ளரைக் கலக்கக் கூடாது.

நான் கலக்கும் முறை இது: டீஸ்பூனில் அரை அளவு, குவிக்காமல் கத்தியால் தட்டையாக வழித்தது. அரை டம்ளர், அதாவது சுமார் 120 மில்லி சாதாரணத் தண்ணீர். அடியில் ஒரு துகள் கூடத் தங்காமல் கரையும்வரை கலக்குவேன். தண்ணீர் தெளிந்து, குமிழி அடங்கிய பிறகுதான் வாயில் வைப்பேன். உப்பும் லேசான சோப்பும் கலந்த ருசி, பழகிவிடும். பொடியை அப்படியே வாயில் கொட்டித் தண்ணீர் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அரை டீஸ்பூன், அதாவது சுமார் இரண்டரை கிராம் பொடி முழுக்க அமிலத்தோடு சேர்ந்தால் அரை லிட்டருக்கு மேல் வாயு உண்டாகும். கல்யாண விருந்து சாப்பிட்டு வயிறு முட்டியிருக்கும்போது இதைக் குடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அபூர்வமாக இரைப்பையே கிழிந்துபோனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

அடுத்தது சோடியம். என் அம்மாவுக்கு பிபி இருப்பதால் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் பொடியில் சுமார் 274 மில்லிகிராம் சோடியம். அரை டீஸ்பூனிலேயே 600 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டு இதை ரெண்டு தடவை குடித்தால், குறைத்ததெல்லாம் வீண். பிபி, இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். பாக்கெட்டில் வரும் ஃப்ரூட் சால்ட்டிலும் முக்கியச் சரக்கு இதுதான், கூடவே சிட்ரிக் அமிலம் இருப்பதால் பொங்குகிறது. ருசி பரவாயில்லை, ஆனால் சோடியம் அதிலும் உண்டு.

மெக்னீசியம் கலந்த பொடியையும் கொஞ்ச காலம் சாப்பிட்டுப் பார்த்தேன். இதமாக இருந்தது, ஏப்பத் தொல்லையும் இல்லை. ஆனால் வயிறு இளகிப் போகும். அலுமினியம் சேர்ந்த மருந்துகள் நேர்மாறு, மலச்சிக்கல் தரும். அதனால்தான் கடையில் கிடைக்கும் பல சிரப்புகளில் இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெக்னீசியம் உடம்பிலேயே தங்கிவிடும், அது ஆபத்து.

எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் சோடா கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்: "ஆப்பத்துக்கா, துணிக்கா?" அந்தக் கேள்வியை எல்லாக் கடைக்காரரும் கேட்க வேண்டும். துணிச் சோடா என்பது சோடியம் கார்பனேட். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பொடிதான். ஆனால் அது காரம் மிகுந்தது, குடித்தால் வாயும் உணவுக்குழாயும் வெந்துவிடும். பெயர் போடாத பொட்டலத்தில் வாங்கியதை நான் வயிற்றுக்குள் விடுவதில்லை. மருந்துக்கானதை மெடிக்கல் ஷாப்பில் ஐ.பி. (மருந்துகளுக்கான இந்தியத் தரக் குறியீடு) என்று அச்சிட்ட டப்பாவாக வாங்கி, மருந்து அலமாரியில் வைக்கிறேன். அடுப்படி டப்பா தனி, அதற்குள் மாவுக்கை பட்ட ஸ்பூன்தான் போகும். ஈரம் படாமல், அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி இறுக மூடி வையுங்கள். பழசாகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று பொங்கினால் சரி. எலுமிச்சையும் சோடாவும் கலந்ததை மட்டும் பாட்டிலில் ஊற்றி மூடி விடாதீர்கள், வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும்.

வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் போன்றவை உடம்பில் சேருவதை அமில முறி மருந்துகள் கெடுக்கும். குடலில் போய்க் கரைய வேண்டும் என்று மேலே பூச்சு போட்ட மாத்திரை, அமிலம் குறைந்த வயிற்றிலேயே கரைந்துவிடவும் கூடும். தைராய்டு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் போதாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் நெஞ்சு வலித்தால் முதலில் வாயில் வருவது "கேஸ் டிரபிள்" என்பதுதான். சோடாவைக் கலக்கிக் கொடுப்பார்கள், ஏப்பம் வரும், லேசாகத் தெரியும், எல்லாரும் படுக்கப் போய்விடுவார்கள். ஏப்பம் வந்துவிட்டது என்பதற்காக இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்ல முடியாது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குவது, இவற்றில் எது இருந்தாலும் பொடி டப்பாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு ஈ.சி.ஜி. எடுப்பதற்கு ஆகிற நேரம் சில நிமிஷம்தான்.

எரிச்சல் வாரத்தில் பல நாள் வந்தாலும், ரெண்டு வாரத்துக்கு மேல் இழுத்தாலும், விழுங்கும்போது அடைத்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் வயிற்று டாக்டரிடம் போய்விடுங்கள். எனக்கு இப்போது இந்தப் பொடி தேவைப்படுவதே எப்போதாவதுதான். சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்னால் தள்ளி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியதில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.