காப்புரிமைப் படம் வரையக் கற்றபின் என் பாராலீகல் வேலை

சென்னையில் காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞருக்கு உதவியாளராக இருக்கிறேன். படித்தது பி.காம். படிவம் நிரப்புவது, கெடு தேதி பார்ப்பது, இ-ஃபைலிங் செய்வது, ஆரம்பத்தில் இவ்வளவுதான் வேலை. பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களை நடத்தும் காப்புரிமை முகவர் ஆகத் தேர்வு எழுத அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும், அதனால் அந்த வழி எனக்கு இல்லை. ஆனால் விண்ணப்பத்தோடு கொடுக்கும் கண்டுபிடிப்பின் படத்தை வரைய யாரும் பட்டம் கேட்பதில்லை. சில வருஷமாக வரைந்து வருகிறேன். கற்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விதிகள் சீக்கிரம் பழகிவிடும். 2003ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளில் 15ஆம் விதியைப் படித்தால் போதும். ஏ4 தாளில் மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. இடம் விட வேண்டும். அளவுகள் குறிக்கக் கூடாது. ஃப்ளோ சார்ட் தவிர மற்ற படங்களில் விளக்க வார்த்தைகளும் கூடாது. பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் பிசிடி விண்ணப்பத்துக்கு விளிம்பு அளவு வேறு, படத்தில் பாகங்களுக்குப் போடும் எண்களின் உயரமும் 0.32 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இன்க்ஸ்கேப் இலவசம், கோட்டு வேலைக்கு அதுவே தாராளம். கண்டுபிடிப்பாளர் முப்பரிமாண மாடல் கொடுத்தால் ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் கோட்டுப்படமாக எடுத்து, இன்க்ஸ்கேப்பில் எண் போடுகிறேன்.

கோடு அழகாக வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த வேலையின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒருவர் தண்ணீர்க் குழாய்க்கான வால்வு ஒன்றைக் கொண்டுவந்தார். கண்டுபிடிப்பை எழுத்தில் விளக்கும் விவரக்குறிப்பின் வரைவு தயாராக இருந்தது. குறுக்குவெட்டுப் படம் போடும்போது எனக்கு ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. உடனே போன் செய்தேன்.

“சார், பிஸ்டன் பின்னாடி போகும்போது அங்கே இருக்கிற தண்ணி எந்த வழியா வெளியே போகும்?”

“அதுக்குத்தாம்மா பக்கத்துல சின்னதா ஒரு துளை போட்டிருக்கேன். அது இல்லேன்னா வால்வு திறக்கவே திறக்காது.”

அந்தத் துளையைப் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லை! வழக்கறிஞரிடம் சொன்னேன். துளைக்கு 18 என்று எண் கொடுத்து விளக்கத்திலும் சேர்த்தோம், எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் உரிமைக் கோரிக்கையிலும் சேர்த்தோம். தாக்கல் செய்த பிறகு தெரிந்திருந்தால் சிக்கல்தான். முதலில் சொல்லாத புது விஷயத்தைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்கச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தராது.

அதன் பிறகு கண்டுபிடிப்பாளர் சந்திப்புகளுக்கு என்னையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் வேலையில் வந்த பெரிய மாற்றம் இதுதான். வெளியே வரையக் கொடுத்து வாங்கும் படங்களும் இப்போது என் கைக்கு வந்த பிறகுதான் தாக்கலாகின்றன. ஒரே பாகத்துக்கு எல்லாப் படத்திலும் ஒரே எண்தானா, படத்தில் உள்ள எண் விளக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பொருளின் தோற்றத்துக்கு உரிமை கேட்கும் அமெரிக்க டிசைன் விண்ணப்பம் என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். அங்கே இடைவெளி விட்டு விட்டு வரையும் கோடு, அந்தப் பகுதிக்கு உரிமை கோரவில்லை என்று அர்த்தம் தரும்.

சம்பளம் கூடியது, ஆனால் தானாகக் கூடவில்லை. முன்பு இருந்த அலுவலகத்தில் பழைய வேலையைக் கொஞ்சமும் குறைக்காமல் படத்தையும் தலையில் கட்டினார்கள். எனவே பொறுப்பேற்கும் முன்பே நேரத்தையும் ஊதியத்தையும் பேசிவிடுங்கள். இன்னொன்று, டிசைன் படங்களுக்கு வளைந்த பரப்பில் நிழல் போடுவது தனிக் கலை. அதை இன்றும் அனுபவமுள்ள ஓவியரிடம்தான் கொடுக்கிறேன்.

பழக நினைப்பவர்கள் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளமான இன்பாஸில் வெளியான ஓர் இயந்திர விண்ணப்பத்தை எடுங்கள். படத்தைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் படித்து வரையுங்கள். அப்புறம் அவர்கள் கொடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வரைய முடியாமல் நின்றீர்களோ, அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள்.