ஒளியால் பாவாடை, கொசுவம், முந்தானை: ஃபைபர் பிரஷ் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இருட்டில் கேமராவின் ஷட்டரைப் பல வினாடி திறந்து வைத்து, மாடலின் இடுப்பிலிருந்து தரை வரை விளக்கை வீசி வீசி ஒரு பாவாடையை வரைகிற வேலைக்கு மூன்று கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன: டார்ச்சில் மாட்டும் ஃபைபர் பிரஷ் (வெளிச்சத்தைக் கடத்தும் பிளாஸ்டிக் இழைக் கற்றை), எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிய குச்சி, இஎல் ஒயர் (மின்சாரத்தில் நீளம் முழுக்க ஒளிரும் ஒயர்). புதுச்சேரி, கடலூர் கடற்கரையின் உப்புக் காற்றில் மூன்றையும் பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்ததில், ஆடை வரைய முதலில் வாங்க வேண்டியது ஃபைபர் பிரஷ்தான். அதிலும் கறுப்பு உறை போட்டது.

கறுப்பு உறை பக்கவாட்டு வெளிச்சத்தை மறைத்துவிடும். நுனி மட்டும் எரியும். அதனால் ஒவ்வொரு ஃபைபரும் தனித்தனி இழையாகக் கோடு போடும். ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் சேர்ந்து விழும்போது பட்டு நூல் ஓடிய மாதிரியே இருக்கும். உறையில்லாத ஃபைபர் உடல் முழுக்க ஒளிர்வதால் கோடு கலைந்து புகைபோல் பரவும். பாவாடைக்கு அது சரிவராது. தாவணிக்கும் முந்தானைக்கும் அழகாக அமையும்.

கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்சர் (லென்ஸ் துளை) எஃப்/8, நாம் மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடு, 15 முதல் 20 வினாடி. நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை அப்பர்சர், ஐஎஸ்ஓ, டார்ச்சின் வெளிச்சம், கை வேகம் ஆகியவை. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது பின்னணியின் வெளிச்சத்தைத்தான் கூட்டும். கோடு மங்கலாக இருக்கிறதென்று 40 வினாடி வைத்தால் கோடு அப்படியேதான் இருக்கும், வானம் வெளுத்துப்போகும். கையை மெதுவாக்குங்கள், அல்லது துளையைப் பெரிதாக்கி எஃப்/5.6-க்குப் போங்கள்.

ஷட்டர் திறந்ததும் முதல் வேலை ஃபிளாஷ். கறுப்பு சார்ட் பேப்பரை 20 செ.மீ. நீளக் குழாயாகச் சுருட்டி ஃபிளாஷ் தலையில் மாட்டி, 1/32 பவரில் முகத்துக்கும் மார்புக்கும் மட்டும் ஒரு முறை அடியுங்கள். வெளிச்சம் இடுப்புக்குக் கீழே இறங்கினால் கால்சட்டையும் பதிந்து, பாவாடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். ஃபிளாஷ் அடித்த பிறகும் மாடல் அசையக் கூடாது. கொஞ்சம் வெளிச்சமுள்ள பின்னணி என்றால், அவர் நகர்ந்த இடத்தில் பின்னணி பதிந்து தோள் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

அடுத்தது வீச்சு. வரைபவர் கறுப்பு முழுக்கை சட்டையில் மாடலுக்குப் பக்கத்தில் குந்தி, டார்ச்சைக் கேமராவுக்குக் காட்டாமல் பிடிக்க வேண்டும். ஃபைபர் இடுப்பைத் தொட்டவுடன் பட்டனை அழுத்துங்கள். மணிக்கட்டைத் தளரவிட்டு முழங்கால் வரை நேராக இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கம் திருப்பி, தரைக்கு ஒரு சாண் மேலே அணைத்துவிடுங்கள். ஒரு வீச்சுக்கு ஒரு வினாடி. அழுத்தும்வரை மட்டும் எரியும் பட்டன் உள்ள டார்ச் இதற்கு அவசியம். முழங்காலில் திரும்பும்போது கை ஒரு கணம் தயங்கினாலும் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். அதை எடிட்டிங்கில் எடுக்க முடியாது. ஷட்டரைத் திறக்காமல் பத்துத் தடவை வெறும் கையால் வீசிப் பார்ப்பது இதனால்தான்.

கொசுவத்துக்கு வீச்சு குறுகலாக, நேர்கீழாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைப் பாதியாவது மூட வேண்டும். கொசுவம் மடிக்கத் தெரிந்தவர் கையில் இது சீக்கிரம் படியும், ஏனென்றால் துணி எங்கே விழும் என்பது அவருக்குத் தெரியும். முந்தானையை மாடலின் முதுகுக்குப் பின்னால் நின்று வரையுங்கள். மாடலின் உடல் ஒளிக்கோடுகளை மறைப்பதால் தோளின் விளிம்பு கத்தரித்ததுபோல் வரும்.

எல்இடி ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு பல்பும் ஒரு கோடு. மீட்டருக்கு 60 பல்பு ஸ்ட்ரிப்பில் ஒரு சாண் துண்டு எடுத்தால் சேலைக் கரைக்குப் போதும். ரிமோட் கன்ட்ரோலர் வேண்டாம்: அது பல்பை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது, படத்தில் கோடு புள்ளி புள்ளியாக அறுந்து நிற்கும். 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்து, வெளிச்சத்தைக் குறைக்க டிரேசிங் பேப்பர் சுற்றுங்கள். டார்ச்சின் மங்கல் மோடிலும் இதே கோளாறு வரலாம். இஎல் ஒயர் வெளிச்சம் போதாதது, எஃப்/4-க்கு இறங்க வேண்டும். ஈரக்காற்றில் நாளாக நாளாக இன்னும் மங்குகிறது. பரிந்துரைக்க மனமில்லை.

சிவப்பில் கவனம். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களில் பதிகிறது; சிவப்பு எல்இடி அதில் ஒரே சேனலை நிரப்பிவிடுவதால் மடிப்பெல்லாம் ஒரே கறையாகத் தெரியும். கேமராவில் தனித்தனி நிற ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவு வரைபடம்) பார்த்து எஃப்/11 வரை மூடுங்கள்.

இடம் என்றால் புதுச்சேரி கடற்கரைச் சாலை, காந்தி சிலைப் பக்கம் கூடாது. தெருவிளக்கே படத்தைத் தின்றுவிடும். மஞ்சள் சுவர்த் தெருக்களில் விளக்கில்லாத மூலை கிடைத்தாலும், பிரஷ் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி மாடலின் காலைக் காட்டிக்கொடுக்கும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விளக்குகளை விட்டு விலகி நடந்தால் பின்னணி கறுப்பாகக் கிடைக்கும். இது கிழக்குக் கரை. பௌர்ணமியன்று நிலா மாலையிலேயே கடலிலிருந்து எழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழும். ஆகவே பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் முதல் அமாவாசை வரை முன்னிரவு நமக்கு.

பராமரிப்பில்தான் பலருக்குப் பிரஷ் போகிறது. பிளாஸ்டிக் ஃபைபரை சானிடைசராலோ ஸ்பிரிட்டாலோ துடைத்தால் மயிரிழை விரிசல் விட்டு நுனி ஒடியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியே போதும். டார்ச்சை முழு வெளிச்சத்தில் தொடர்ந்து எரியவிட்டால் உள்முனை சூட்டில் உருகி மங்கும். மங்கியதை கூரான பிளேடால் 2 மி.மீ. வெட்டி, 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளில் தேய்த்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். டார்ச்சின் மரையை வீட்டுக்கு வந்ததும் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பிரஷ்ஷைச் சுருட்டாமல் தொங்கவிட்டு வையுங்கள். சுருண்ட ஃபைபரில் கொசுவம் நேராக விழாது.