முடிக்கு மீசோதெரபி போடப் போகிறீர்களா? மருந்துக் குப்பியை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள்

முடி கொட்டுகிறது என்று மீசோதெரபி (தோலுக்குள் சின்னச் சின்ன ஊசிகளாக மருந்து குத்துவது) கிளினிக்குக்குப் பணம் கட்ட இருப்பவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போட்டுக்கொண்டது சென்னையில். புகார் நடந்துகொண்டிருப்பதால் கிளினிக் பெயர் போடவில்லை.

டெங்கு வந்து தேறிய சில மாதங்களில் சீப்பு வைத்தாலே கொத்தாக முடி வந்தது. கிளினிக்கில் முதலில் பார்த்தது டாக்டரை அல்ல, ‘கவுன்சிலர்’ ஒருவரை. உச்சந்தலையில் ஒரு கேமராவை வைத்து டிவியில் பெரிதாகக் காட்டி, “வேர் செத்துட்டு இருக்கு மேடம், இப்ப விட்டா அப்புறம் டிரான்ஸ்பிளான்ட்தான்” என்றார். பேக்கேஜ் 60,000 ரூபாய், அன்றே கட்டினால் 45,000, இஎம்ஐ வசதியும் உண்டு. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, இரும்புச்சத்து பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் இவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது சகஜம், அதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும் என்று பின்னால் ஒரு தோல் மருத்துவர் சொன்னார். அந்த நேரத்தில் தலையில் எதைக் குத்தினாலும் முடி வளரத்தான் போகிறது. பெயர் ஊசிக்குப் போய்விடும். விளம்பரத்தில் வரும் ‘முன், பின்’ படங்களில் இந்த வகை எத்தனையோ!

ஊசி போட்டது ஏப்ரன் போட்ட ஒரு பெண். டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு, “விட்டமின், பயோட்டின், குரோத் ஃபேக்டர் எல்லாம் கலந்த காக்டெயில், ஃபிரான்ஸ் டெக்னிக் மேடம்” என்று பதில் வந்தது. ஃபிரான்ஸ் என்பது பொய் இல்லை. 1952இல் மிஷேல் பிஸ்டோர் என்ற மருத்துவர் அங்கேதான் இந்த முறையைத் தொடங்கினார். ஆனால் அங்கே அது முக்கியமாக வலிக்கான சிகிச்சை. முடிக்கு என்று போடும் கலவை கிளினிக்குக்கு கிளினிக் மாறுகிறது. எதை எதோடு எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒரு பொது அளவே கிடையாது. டூட்டாஸ்டரைடு (வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனைக் குறைக்கும் மருந்து) ஊசியில் சில சிறு ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டியிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பரம்பரை வழுக்கைக்கு அனுமதித்தது தலையில் தடவும் மினாக்சிடிலையும் (1988), ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரையையும் (1997). எந்த மீசோ காக்டெயிலுக்கும் அந்த அனுமதி இல்லை.

கடைசி ஊசிக்குச் சில வாரம் கழித்து, குத்திய இடங்களில் சிவந்த கட்டிகள் வந்தன. வலி, பிறகு சீழ். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், “நார்மல் மேடம், ஐஸ் வைங்க.” வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அது அடங்கவில்லை. அரசு மருத்துவமனை தோல் பிரிவில் பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பது. சுத்தமில்லாத ஊசி, மருந்து, கருவி வழியாகத் தோலுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் சாப்பிட வேண்டும். மீசோதெரபிக்குப் பின் இந்தத் தொற்று வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கட்டி ஆறித் தழும்பான இடங்களில் எனக்கு இப்போது முடி இல்லை. மற்ற இடங்களில் தானாகவே வளர்ந்துவிட்டது.

ஃபைலைக் கேட்டேன். ‘மீசோ ஹேர்’ என்று எழுதி தேதி போட்ட ஒரு அட்டையைத் தந்தார்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், டாக்டர் கையெழுத்து எதுவும் இல்லை. ஸ்டேட்டஸ் வைக்க நான் எடுத்த செல்ஃபியில் ட்ரேயில் இருந்த மருந்துப் பெட்டியும் தற்செயலாகப் பதிவாகியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’. தோலில் தடவ வேண்டியதை உள்ளே குத்தியிருக்கிறார்கள்! இப்போது புகாரில் அந்தப் படம்தான் முக்கிய ஆதாரம்.

ஆகவே குப்பியையும் பெட்டியையும் கையில் வாங்கிப் பாருங்கள், படம் எடுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி போடுபவரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகத்துக்கு மீசோ என்று அதே இடத்தில் விற்பதற்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பயாப்ஸி ரிப்போர்ட் எதையும் அழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.