தங்கையின் கல்யாண ஆல்பம்: எடுத்த படமும் திருத்திய படமும்

கும்பகோணத்தில் தங்கை கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவிடம் ரா ஃபைல்களையும் (கேமரா பதிந்த, திருத்தாத மூலப் படங்கள்) கேட்டு வாங்கினேன், நல்லவேளை. அவற்றையும் ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு வலிக்கிறது. மாநிறத் தங்கை ஆல்பத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறாள். மூக்கோரத்து மச்சத்தையும் அழித்துவிட்டார்கள், அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் மச்சம். அரக்குக் கூறைப்புடவை ஆரஞ்சாகிவிட்டது.

ஆனால் தாராசுரம் கோயிலில் எடுத்த படங்கள் அருமை. ராவில் இருட்டாகக் கிடந்த கல்தேர்ச் சக்கரம், நிழலை மட்டும் ஏற்றியதில் செதுக்கிய கோடு வரை தெரிகிறது. 14 பிட் ராவில் ஒரு நிறத்துக்கு 16,384 வெளிச்சப் படிகள், வழக்கமான ஜேபெக் படத்தில் 256தான், அதனால்தான் இருட்டிலிருந்து இவ்வளவு மீட்க முடிகிறது.

சொன்னதும் முகத்தை மட்டும் மாற்றித் தந்தார்கள், தனிக் காசு கேட்கவில்லை. மச்சம் திரும்ப வந்துவிட்டது. புடவை இன்னும் ஆரஞ்சுதான். அச்சுக்கு அனுப்பும் முன் பத்துப் படமாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.