சோலார் கொட்டேஷனில் "5.5 மணி நேரம்" என்று இருந்தால் பேனாவை மூடி வையுங்கள்

100 கிலோவாட் சோலார் போட நினைப்பவர்களிடம் நீட்டப்படும் கொட்டேஷனில் இந்த வரி தவறாமல் இருக்கும்: 100 × 5.5 மணி நேரம் × 365 = 2,00,750 யூனிட். 5.5 என்பது ஒரு நாள் முழுதும் விழும் வெயிலை உச்சி வெயிலின் அளவில் கணக்கிட்டால் வரும் மணி நேரம். பெருக்கல் சரிதான், ஏமாற்று வேலையே அதற்குள்தான் இருக்கிறது. பேனலில் அச்சடித்த வாட், அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. வெயில் நாட்டுக் கூரையில் செல் 60 டிகிரியைத் தொடும். ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்றால் 12 சதவீதம் அங்கேயே போச்சு. தூசி, கேபிள், இன்வெர்ட்டர் இழப்புகளையும் கழித்தால் மிஞ்சுவது 75 முதல் 80 சதவீதம். 77 என்று வையுங்கள்: ஏறக்குறைய 1,54,600 யூனிட். கடன் தவணையோ 2,00,750-ஐ நம்பிப் போட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை மின்வெட்டு. மின்சார லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். அது பழுதல்ல, லைனில் வேலை பார்ப்பவர் உயிருக்காக வைத்த பாதுகாப்பு. மின்வெட்டுக்குப் பயந்து சோலார் வாங்குகிறவரிடமே இதைச் சொல்லாமல் விற்பதை என்னவென்று சொல்வது! உச்சி வெயிலில் தினமும் இரண்டு மணி நேரம் லைன் போனால் அன்றைய உற்பத்தியில் கால்வாசிக்கு மேல் காலி. "ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டிக்கலாம்" என்பார்கள். அதற்குத் தனி கண்ட்ரோலர் வேண்டும். இல்லாவிட்டால் லோடு குறையும் நேரத்தில் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாயும். அந்தக் கண்ட்ரோலர் கொட்டேஷனில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வட்டி. சோலாருக்கு எரிபொருள் செலவில்லை, அதனால் பணம் ஏறக்குறைய முழுவதும் முதல் நாளே போய்விடுகிறது. 15 வருடக் கடனில் 5 சதவீத வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு ஆண்டுத் தவணை 9.6 ரூபாய், அதுவே 12 சதவீதம் என்றால் 14.7. அதே பேனல், அதே வெயில், தவணை மட்டும் ஒன்றரை மடங்கு. "நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துடும்" என்ற தாளில் பெரும்பாலும் வட்டியே இருக்காது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இன்வெர்ட்டரை மாற்றும் செலவும் இருக்காது. வட்டி குறைவு என்று டாலர் கடனுக்கு இழுத்தால் இன்னும் ஜாக்கிரதை. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், மே மாதம் 360-ஐத் தொட்டது. மின்கட்டண வருமானம் அந்த வேகத்தில் ஏறாது.

லைனுக்கு விற்று வரும் பணத்தை நம்புகிறவர்கள் வியட்நாமைப் பார்க்கலாம். 2017-ல் யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட், 20 வருடத்துக்கு என்று அரசு அறிவித்ததும் நின் துவான், பின் துவான் மாகாணங்களில் ஆலைகள் குவிந்தன. அவ்வளவையும் எடுத்துச் செல்ல லைன் இல்லை, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒப்பந்தத்தில் விலையைப் படித்தால் போதாது. நிறுத்தச் சொன்ன நேரத்து யூனிட்டுக்கு யார் பணம் தருவது என்ற வரியையும் தேடுங்கள்.

சரக்கு வந்து இறங்கியதும் டேப்பை எடுங்கள். உண்மையான 550 வாட் பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், பரப்பு 2.58 சதுர மீட்டர், திறன், அதாவது விழும் வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு, 21 சதவீதத்தை ஒட்டி வரும். 550 என்று லேபிள் ஒட்டிய பேனல் 2 சதுர மீட்டர்கூட இல்லையென்றால் திறன் 27-ஐத் தாண்டுகிறது. கடைச் சரக்கில் அப்படி ஒரு பேனல் கிடையாது, லேபிள்தான் பொய். சீரியல் நம்பர்களை, தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலின் வாட்டையும் அளந்து எழுதிய ஃபிளாஷ் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், அரை நாள் வேலைதான். "25 வருட வாரண்டி" என்பது பெரும்பாலும் உற்பத்தி குறைவதற்கு மட்டும். பேனல் பழுதுக்கான வாரண்டி வேறு, பல கம்பெனிகளில் 12 வருடம்தான். கழற்றி மாட்டும் கூலியும் அனுப்பும் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்.

பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். பத்து சதவீதத்தையாவது ஒரு வருடம் பிடித்து வையுங்கள். வருட முடிவில் மீட்டர் காட்டும் யூனிட்டை, அதே கூரையில் வைத்த வெயில் சென்சாரின் பதிவோடு ஒப்பிட்ட பிறகு விடுவிப்பதாக எழுதி வாங்குங்கள். சென்சார் இல்லாத ஒப்பந்தத்தில் யூனிட் குறைந்தால் "இந்த வருஷம் வெயில் கம்மி சார்" என்பார்கள், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.