6 லட்சம் கியாட் போச்சு, ஜேட் மணி வாங்கறவங்க பாருங்க

போலிக் கல்லுன்னு நேத்து ராத்திரிதான் உறுதியாச்சு, கை இன்னும் நடுங்குது. நேரலையில கல் விக்கற ஒரு பக்கத்துல 8 மி.மீ. ஜேட் மணி, 16 அங்குலச் சரம், ஒண்ணு 60,000 வீதம் 10 சரம் வாங்கினேன். 6 லட்சம் கியாட், முழுசும் முன்பணம். ரங்கூன்ல இருந்துக்கிட்டு கல் கடைங்க இருக்கற ஸ்காட் மார்க்கெட்டுக்குப் போய்க் கையில எடுத்துப் பார்க்க வழியில்லையா எனக்கு?

அந்தப் பொண்ணு ஒரு மணியை டார்ச் மேல வச்சா. உள்ளே இலைப்பச்சை அப்படியே ஒளிர்ந்துச்சு. தண்ணி கிளாஸ்ல போட்டு, "பாருங்க அமா (பர்மியத்துல அக்கா), சாயம் போகுதா? பாகாண்ட் சுரங்கத்துக் கல்லு"ன்னா. பாகாண்ட்னா பர்மாவுல ஜேட் எடுக்கற ஊர். அங்கதான் விழுந்தேன். சாயம் ஏத்தின குவார்ட்ஸும் (மலிவான படிகக் கல்) டார்ச்ல இப்படித்தான் ஒளிரும். உள்ளே ஊறின சாயம் வெறும் தண்ணில லேசுல இறங்காது. தெரிஞ்சும் ஏமாந்தேன், அதுதான் எரியுது.

கோக்க உட்கார்ந்தா சரம் லேசா இருக்கு. 8 மி.மீ. மணி 50, துளை போக, 13 கன செ.மீ. வரும். ஜேடைட்டோட, அதாவது அசல் பர்மா ஜேடோட, அடர்த்தி 3.3, அப்போ சரம் 43 கிராமாவது இருக்கணும். என் தராசுல 35. தண்ணிக் கோப்பையைத் தராசுல வச்சு பூஜ்யமாக்கி, சரத்தை நூல்ல தொங்கவிட்டு, அடியில படாம முக்கினேன். 13.1 காட்டுச்சு, அதுதான் சரத்தோட கன அளவு. 35-ஐ அதால வகுத்தா அடர்த்தி 2.67, அது குவார்ட்ஸ். 'மலேசியா ஜேட்'னு விக்கறாங்களே, அதே சரக்கு. 10 மடங்கு லென்ஸ்ல துளை வாயைப் பார்த்தா, பச்சை விரிசல்ல மட்டும் வலை மாதிரி தேங்கி நிக்குது. அசிட்டோன் தொட்ட பஞ்சும் பச்சையாச்சு.

அந்தப் பொண்ணுகிட்ட கேட்டதுக்கு, "இயற்கைக் கல்லுன்னா எடை கூடக்குறைய இருக்கும் அமா." அஞ்சுல ஒரு பங்கா குறையும்? அடுத்து, "துளை போட்டவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அப்புறம் படிச்ச அடையாளம் மட்டும், பதில் இல்லை. இன்னிக்குக் காலைல பக்கமே எனக்குத் திறக்கல. 6 லட்சம்! தைப்பூசத்துக்குச் சொல்லிவச்ச மாலைக்கு நான் என்ன பதில் சொல்ல?

விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. சரத்தைத் தராசுல வச்சே காட்டச் சொல்லுங்க. முதல்ல ஒரே ஒரு சரம் வாங்குங்க. விலை கூடினா ஆய்வகச் சீட்டு கேளுங்க. அதுல 'பி'ன்னு இருந்தா அமிலத்துல வெளுத்துப் பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரிப் பிசின்) ஏத்தினது, 'சி'ன்னா சாயம். முன்பணம் முழுசா வேண்டவே வேண்டாம்.

பட்டு நூல்ல மணிக்கு மணி முடிச்சுப் போட்ட ஒரு மாலையை இப்போதான் அறுத்துப் போட்டேன். நூலும் பச்சை.