குறிஞ்சியும் காந்தளும்: எது அதிக ஆபத்தில்?

சங்கப் பாட்டில் இரண்டும் மலைப் பூக்கள்தான். இன்றைய நிலைமை வேறு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் செங்காந்தள் 'தீவாய்ப்பு குறைந்த' இனம், அதாவது அழியும் ஆபத்து குறைவு. நீலக்குறிஞ்சியோ 2024-இல் 'அழிய வாய்ப்புள்ள' இனமாகச் சேர்க்கப்பட்டது.

காந்தள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்து ஏறும். இதழ் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவக்கும். விதையில் கொல்கிசின் என்ற மருந்துப் பொருள் இருப்பதால் தமிழ்நாட்டில் வயலிலேயே பயிரிடுகிறார்கள். ஆனால் நடுவதற்குக் காட்டுக் கிழங்கைத் தோண்டி எடுப்பது அதற்கும் கேடுதான்.

குறிஞ்சிக்கு அந்த வசதி இல்லை. 12 ஆண்டுகள் காத்திருந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். அந்த ஒரு பருவத்தில் பூவைக் கொத்துக் கொத்தாகப் பறித்தால் விதை எங்கிருந்து வரும்? அதைவிடப் பெரிய இழப்பு, குறிஞ்சி வளரும் மலைப் புல்வெளி. தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மூணாறு பக்கம் 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்தது நல்ல காரியம்.

எதை முதலில் காக்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் குறிஞ்சி என்பேன். மூணாறு மலைகளில் 2018-இல் பூத்தது, அடுத்து 2030.